எப்போது தயார்?

கோயமுத்தூரில் ரேஸ் கோர்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே குதிரைகள் ஓடின. குதிரைகள் போய்விட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று விடியற்காலையில் அங்கே மனிதர்கள் நடக்கிறார்கள். மரநிழலில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் சுற்றளவுள்ள பாதை. சர்க்கரை வியாதிக்காக நடப்பவர், தூக்கம் வராததால் நடப்பவர், வீட்டில் மனத்தாங்கல் ஏற்பட்டு நடப்பவர் என்று பல வகையினர். பந்தயம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை என்று தோன்றும். ஆனால் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பின்னாலிருந்து ஒருவருடைய செருப்போசை நெருங்கி வந்தால், முன்னால் போகிறவருடைய நடை தன்னையறியாமல் வேகம் கொள்ளும். எழுபது வயதுக்காரருக்கும் இது உண்டு. எனக்கும் உண்டு. ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

அந்தப் பாதையில் வைத்துத்தான் ஓர் இளைஞன் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளை. வயது 28. பம்பு செட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. என்னை மாமா என்று அழைப்பான்.

“ஏனுங்க மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க.”

“கேளு கண்ணு.”

“நான் சைக்கிள் ரேசுல சேந்துக்கலாமுங்களா? அதுக்கு நான் தயாரா, இல்லையான்னு எப்படீங்க தெரிஞ்சுக்கறது?”

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வேறு இரண்டு பேரிடம் முன்பே கேட்டிருந்தானாம். ஒருவர், “இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்” என்றாராம். மற்றவர், “பேரைக் கொடுத்துவிட்டு ஓட்டு, பார்த்துக்கொள்ளலாம்” என்றாராம். இரண்டு பதிலும் அவனுக்குத் திருப்தி தரவில்லை. யோசித்துப் பார்த்தபோது எனக்கும் தரவில்லை. இரண்டு வருஷம் என்பதற்கு என்ன கணக்கு? பார்த்துக்கொள்ளலாம் என்றால், எதைப் பார்த்துக்கொள்வது?

உடம்பைப் பொறுத்தவரை அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. மூன்று ஆண்டுகளாகத் தினமும் விடியுமுன் எழுந்து சைக்கிள் ஓட்டுகிறான். வார நாட்களில் சிறுவாணிச் சாலை, அல்லது மருதமலை அடிவாரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மேட்டுப்பாளையம் சென்று கோத்தகிரி மலை ஏறுகிறான். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை ஒரு முறை காலைத் தரையில் ஊன்றாமல் ஏறி முடித்திருக்கிறான். அவனுடைய கைக்கடிகாரம் நேரத்தை மட்டும் சொல்வதில்லை. நெஞ்சு எத்தனை முறை துடித்தது, எவ்வளவு உயரம் ஏறினான், சென்ற வாரத்தைவிட எத்தனை நிமிஷம் முந்தினான் என்பதையெல்லாம் சொல்லிவிடுகிறது. இவ்வளவு கணக்கும் கையில் இருந்தும், தான் தயாரா என்ற ஒரு கேள்விக்கு அதில் விடை இல்லை. அதனால்தான் மனிதனைத் தேடி வந்திருக்கிறான்.

‘பிரெவே’ என்று ஒரு நெடும்பயணம் இருக்கிறது. பிரான்சு தேசத்தில் பிறந்தது. இப்போது கோயமுத்தூரிலும் நடக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். 300 என்றால் 20 மணி, 400 என்றால் 27 மணி, 600 என்றால் 40 மணி நேரம். இதில் முதலாவது, இரண்டாவது என்று வரிசை கிடையாது. நேரத்துக்குள் வந்து சேர்ந்தவர் எல்லாரும் ஒன்றே. வழியில் டீக்கடையில் உட்காரலாம். பஞ்சர் ஆனவருக்கு நின்று உதவலாம். களைத்தால் மரத்தடியில் படுக்கலாம். இந்த இளைஞன் 200 கிலோமீட்டர்ப் பயணத்தைப் பத்து மணி நேரத்தில் முடித்தவன். ஆகவே நீண்ட நேரம் உழைக்கும் வலிமை அவனிடம் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் பந்தயம் வேறு பொருள். தனியாகப் போகிறவன் தன் மூச்சுக்கு ஏற்றபடி போகிறான். பந்தயத்தில் பிறருடைய மூச்சுக்கு ஏற்றபடி போக வேண்டியிருக்கிறது. கூட்டம் சாவகாசமாக நகர்ந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒருவன் பாய்வான். எல்லாரும் அவனைத் துரத்துவார்கள். பிடித்ததும் மறுபடி அடங்குவார்கள். மூச்சு வாங்கி முடிவதற்குள் இன்னொருவன் பாய்வான். மூன்று மணி நேரம் ஒரே சீராக உழைக்கத் தெரிந்தவன்கூட, இப்படி இருபது முறை பாய்ந்து அடங்கத் தெரியாமல் அரை மணியில் பின்தங்கிவிடலாம். அதுவும் பழகினால் வருவதுதான். அது பெரிய விஷயமல்ல. பெரிய விஷயம் வேறொன்று இருக்கிறது.

வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஒரு காரியத்தில் இறங்குமுன் நான்கு வலிமைகளை எடைபோடச் சொல்லுகிறார் அவர். காரியத்தினுடைய வலிமை ஒன்று, தன்னுடையது ஒன்று, எதிரியினுடையது ஒன்று, துணைவருடையது ஒன்று. அந்த இளைஞனுடைய கடிகாரம் இவற்றில் ஒன்றை மட்டும் அளந்தது. மற்ற மூன்றையும் அவன் எண்ணவில்லை. நாமும் பெரும்பாலும் எண்ணுவதில்லை. பரீட்சைக்குப் போகிறவன், கல்யாணத்துக்கு நிற்கிறவன், புதிதாகக் கடை வைக்கிறவன் எல்லாருமே ‘எனக்குப் பலம் இருக்கிறதா’ என்று தன்னைத்தான் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சைக்கிள் பந்தயத்தில் எதிரி யார், துணைவர் யார் என்று பிரிக்கவே முடியாது. காரணம் காற்று.

கோயமுத்தூர்க்காரருக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு போகிறதே, அந்தக் காற்றில் மேற்கு நோக்கி ஒரு மைல் சைக்கிள் மிதித்தவருக்கு எல்லாம் தெரியும். காற்றே வீசாத நாளிலும் வேகமாகப் போகிறவன் தானே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போவதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்காகிறது. ஆனால் முன்னால் போகிறவனுடைய பின் சக்கரத்தை ஒட்டினாற்போலச் சென்றால் உழைப்பில் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும்; சில சமயம் மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமாகும். 2018இல் நெதர்லாந்து தேசத்தில் பெர்ட் பிளாக்கன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 121 பேர் கொண்ட ஒரு சைக்கிள் கூட்டத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் உள்ளே நல்ல இடத்தில் இருப்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு, தனியே செல்பவருக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடுகிறது என்று கண்டார்கள்.

ஆகவே யாரைத் தோற்கடிக்க வேண்டுமோ அவனுடைய முதுகின் மறைவில்தான் நாம் இளைப்பாற வேண்டியிருக்கிறது. நம்முடைய முதுகின் மறைவில் வேறொருவன் இளைப்பாறுகிறான். அந்த மறைவு வேண்டுமென்றால் ஒரு முழத்துக்கு ஒரு முழம் நெருங்கிப் போக வேண்டும். முன்னால் இருக்கும் குழி நம் கண்ணுக்குத் தெரியாது. அவன் விலகினால் விலக வேண்டும். அவன் தடுமாறினால் நாம் விழ வேண்டும். இவ்வளவு பெரிய நம்பிக்கையை, பெயர்கூடத் தெரியாத ஒருவன் மேல் வைத்துக்கொண்டு அவனையே வெல்லப் பார்ப்பதற்குத்தான் சைக்கிள் பந்தயம் என்று பெயர்.

நான் இதையெல்லாம் முன்பே அறிந்தவன் அல்லன். சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் அவனை அழைத்துச் சென்றபோது தெரிந்துகொண்டேன். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் கிராமங்களில் சைக்கிள்காரன் ஒருவன் வந்து, மைதானத்தின் நடுவே கம்பம் நட்டு, தரையில் கால் வைக்காமல் ஒரு வாரம் இரவும் பகலும் சுற்றிச் சுற்றி ஓட்டுவானே, அந்த வேடிக்கையைச் சிறு வயதில் பார்த்துச் சைக்கிள் பைத்தியம் பிடித்தவர் அவர். இளைஞன் சொன்ன கிலோமீட்டர்க் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

“குனிஞ்சு பாக்காம தண்ணிப் பாட்டில எடுத்துக் குடிச்சுப்போட்டு, திரும்ப அங்கயே வைப்பீங்களா தம்பி?”

“அப்பப்பத் தவறுமுங்க.”

“பக்கத்துல வர்றவன் தோள் உங்க தோள்ல இடிச்சா, ஒதுங்குவீங்களா, அப்படியே போவீங்களா?”

“ஒதுங்குவேனுங்க.”

“ஒதுங்குனா அந்தப் பக்கத்துல இருக்கறவன் என்ன ஆவான்?”

அவன் பதில் சொல்லவில்லை. பெரியவர் ஒரு போக்ஸ் கம்பியைத் திருகிக்கொண்டே சொன்னார். “காலு உங்களுக்கு வந்துருச்சு தம்பி. கை இன்னும் வரலீங்க. பின்னால வர்றவனுக்குக் கண்ணு நீங்கதான். அத மட்டும் மறந்துராதீங்க.”

வெளியே வந்ததும் இளைஞன், “பழைய காலத்து மனுஷருங்க” என்று சொல்லிச் சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

கொங்கு நாட்டில் ரேக்ளா பார்த்தவர்களுக்குப் பெரியவர் சொன்னது எளிதில் விளங்கும். எங்கள் பக்கத்து ரேக்ளாவில் வண்டிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஓடுவதில்லை. ஒவ்வொரு ஜோடியும் தனித் தனியே ஓடும். 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து, எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டுப் பரிசு கொடுப்பார்கள். 2014இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பினால் நின்றுபோய், 2017இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்தினால் திரும்ப வந்த பந்தயம் இது. அங்கே காளைக்கு எதிரி கடிகாரம் மட்டுமே. இருந்தும், வீட்டுக் காட்டில் நன்றாக ஓடுகிறது என்பதற்காக ஓர் இளங்காளையை யாரும் நேரே பந்தயத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட மாட்டார்கள். கூட்டத்தின் சத்தத்துக்கும் கொட்டுக்கும் முதலில் பழக்குவார்கள். காளைக்குப் பலம் போதாது என்பதற்காக அல்ல. மிரண்டு ஓரத்தில் நிற்கும் ஜனங்களுக்குள் புகுந்துவிடக் கூடாதே என்பதற்காக. தனியாக ஓடுகிற மாட்டுக்கே இவ்வளவு கவலை என்றால், ஐம்பது பேர் சேர்ந்து ஓடுகிற இடத்தில் மனிதனுக்கு எவ்வளவு வேண்டும்?

ஒரு மாதம் கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பொள்ளாச்சிச் சாலையில் போயிருக்கிறார்கள். பந்தயம் அல்ல, பழகுவதற்காகத்தான். நம் இளைஞன் எல்லாருக்கும் முன்னால் போனான். மற்றவர்களுடைய வேகம் அவனுக்குப் போதவில்லை. தன் பலத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது என்று அவனே பின்னால் என்னிடம் சொன்னான். எதிரே ஒரு குழி தெரிந்தது. கையால் சைகை காட்டவில்லை, குரல் கொடுக்கவில்லை, சட்டென்று பிரேக் பிடித்து ஒரு பக்கமாக வெட்டினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரத்தோடு சக்கரம் உரசினால் முன்னால் இருக்கிறவன் விழுவதில்லை. பின்னால் வருகிறவன்தான் விழுவான். உலகத்தில் வேறு பல காரியங்களும் அப்படித்தான் நடக்கின்றன. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பியபோதுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது.

விழுந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். 45 வயதுக்காரர். காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் கரும்பலகையில் எழுதினார். அவருடைய மனைவி ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என்னிடம் வந்தான்.

“மாமா, நான் தயாரில்லீங்க. ரேசு வேண்டாமுங்க. இனிமே கூட்டத்துல போகவே மாட்டேனுங்க.”

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு அவன் வந்த முகத்தையும் இந்த முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். முன்பு நினைத்தது தன் வலிமையை. இப்போது நினைப்பது தன் குற்றத்தை. இரண்டிலும் நடுவில் நிற்பது தான். விழுந்தவர் ஒரு மூலையில்தான் இருக்கிறார். குற்ற உணர்வு நல்லதுதான். ஆனால் அது மனிதனைத் திருத்துவதற்குப் பதிலாக ஒதுக்கிவைத்துவிட்டால், அதில் பாதி பயம்தான். பயத்துக்கு அடக்கம் என்றும் பொறுப்பு என்றும் நல்ல பெயர்களைச் சூட்டிக்கொள்வது நமக்கெல்லாம் கைவந்த கலை. ‘இன்னும் தயாராகவில்லை’ என்று சொல்லிச் சொல்லியே வாழ்நாளைக் கழித்தவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! பாடத் தெரிந்தும் சபையில் பாடாதவர்கள், எழுதியும் அச்சுக்குக் கொடுக்காதவர்கள், பிரியமிருந்தும் வாய் திறந்து சொல்லாதவர்கள். அவர்கள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, உண்மைதான். அதற்காக அவர்களை நல்லவர்கள் என்று புகழ்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நாம் சைக்கிள் கற்றுக்கொண்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள். ஆளைவிட உயரமான சைக்கிள். இருக்கையில் உட்கார்ந்தால் கால் எட்டாது. நடுக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக வளைத்து, குரங்குப் பெடல் போட்டோம். அப்போது நாம் தயாராக இருந்தோமா? கால் வளரட்டும் என்று காத்திருந்தால் சைக்கிளே வந்திருக்காது. முழங்கால் தழும்புகள்தாம் அந்தப் பள்ளிக்கூடத்தின் சான்றிதழ். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் அப்போது எங்கே பழகினோம்? சந்தைக்குள் அல்ல, காலி மைதானத்தில், அல்லது சந்தடி இல்லாத தெருவில். விழுந்தால் நாம்தான் விழுவோம். விலையை நாமே கொடுத்தோம்.

இங்கேதான் எனக்கு விடையின் ஒரு முனை அகப்பட்டது என்று நினைக்கிறேன்.

கோயமுத்தூர் ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கையை அறியாதவர்கள் குறைவு. இளம் வயதில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டார். வாங்கியதும் செய்த காரியம், அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டியது. அதற்கு அவர் தயாரா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் தேவையில்லை. பூட்ட முடியாமல் போயிருந்தால் நஷ்டம் அவருடையது. 1920இல் அதே மனிதர் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார், தாமே ஓட்டினார். அன்று அவருக்குப் பின்னால் பிரயாணிகள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட முடியாது. மனிதர் அதே மனிதர்தான். துணிச்சலும் அதே துணிச்சல்தான். ஆனால் கேள்வி மாறிவிட்டது.

ஆகவே தயார் என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இருப்பதாக நினைத்ததுதான் எங்கள் பிழை. குறைந்தது மூன்று பொருள்கள் இருக்கின்றன.

வெல்வதற்குத் தயாரா என்பது ஒன்று. இதைப் பற்றி முதல் பந்தயக்காரன் கவலைப்படவே வேண்டாம். வெல்லத் தயாரானவன் மட்டும் வர வேண்டுமென்றால் பந்தயத்துக்கு ஒருவன்தான் வருவான். 

தோற்பதற்குத் தயாரா என்பது இரண்டாவது. இதை முன்கூட்டித் தேடிக்கொள்ள வழியில்லை. தோற்றுத்தான் கற்க வேண்டும். பிரான்சு தேசத்தைச் சுற்றி வரும் பெரும் பந்தயம் 1903இல் முதன்முதலாக நடந்தபோது 60 பேர் புறப்பட்டார்கள். 21 பேர் முடித்தார்கள். கடைசியாக வந்தவர், வென்றவருக்கு ஏறக்குறைய 65 மணி நேரம் பிந்தி வந்தார். பின்னாட்களில் அந்தப் பந்தயத்தில் கடைசியாக வருபவருக்குச் ‘சிவப்பு விளக்கு’ என்று ஒரு பெயர் ஏற்பட்டது. ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்குமே, அந்த விளக்கு. கேலியும் மரியாதையும் கலந்த பெயர். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்முடைய தமிழ்நாட்டிலேயே அறிஞர் அண்ணா பிறந்த நாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் போட்டி நடத்துகிறார்கள். 13, 15, 17 வயதுக்குட்பட்டவர்கள் என்று பிரிவுகள். பெண்களுக்கு 10, 15 கிலோமீட்டர், ஆண்களுக்கு 15, 20 கிலோமீட்டர். கியர் இல்லாத, நம் நாட்டில் செய்த சாதாரண சைக்கிள்தான் கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். தோற்ற பிள்ளை அன்று மாலை அதே சைக்கிளில் கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி வருகிறது. தோல்வியை அதைவிட நன்றாக யார் நமக்குக் கற்றுத்தர முடியும்?

மூன்றாவது, பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருக்கத் தயாரா என்பது. இது ஒன்றுதான் முன்கூட்டியே கைவசம் இருக்க வேண்டியது. இது ஒன்றுதான் பிறருக்கு நாம் பட்ட கடன். இதைத் தொடையின் பலம் தராது. நேர்க்கோட்டில் போவது, வளைவில் தன் இடத்தை விட்டு மாறாமல் இருப்பது, குழியைக் கண்டால் கை காட்டுவது, பதறிப் பிரேக் பிடிக்காமல் இருப்பது ஆகிய சின்னச் சின்னப் பழக்கங்கள் தருவது அது. பலம் மிகுந்தவனுக்கு இவை இல்லாவிட்டால் பலம் குறைந்தவனைவிட அவன் ஆபத்தானவன். பலம் குறைந்தவன் பின்தங்கித் தானே விலகிவிடுவான். இவன் கடைசி வரையில் கூட்டத்தின் நடுவில் இருப்பான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கூட்டத்தில் ஓட்டுவதைக் கூட்டத்தில்தான் கற்க முடியும். பழகாதவனைக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. சேர்க்காவிட்டால் அவன் பழகவே முடியாது. புதிய டாக்டர், புதிய டிரைவர், புதிதாகப் பிள்ளை பெற்ற தாய் எல்லாருக்கும் இதே சிக்கல்தான். தர்க்கத்தினால் இது அவிழாது. யாராவது ஒருவர், தமக்குக் கொஞ்சம் ஆபத்து இருப்பதைத் தெரிந்துகொண்டே, புதியவனுக்குப் பக்கத்தில் வர இசைய வேண்டும். தயார் என்பது நாம் தனியே உண்டாக்கிக்கொள்ளும் சரக்கு அல்ல. பிறர் நமக்கு வைத்துக்கொடுக்கும் முதல் என்றுகூடச் சொல்லலாம்.

இவ்வளவையும் அன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் காதில் ஏறியிருக்காது. “அந்த வாத்தியார் வீட்டுக்குத் தினமும் போயிட்டு வா கண்ணு. ரேசைப் பத்தி அப்புறமேட்டுக்குப் பேசிக்கலாம்” என்றேன்.

போனான். ஆசிரியரைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டான். அவருடைய சைக்கிளைப் பெரியவர் கடையில் கொடுத்துச் சரிசெய்தான். மாலை நேரங்களில் அந்தக் கடையிலேயே உட்கார்ந்தான். பெரியவர் அவனை ஒரு மைதானத்துக்கு அனுப்பி, தரையில் வைத்த செங்கல்லைக் கண்ணால் பார்க்காமல் சுற்றிப் போகச் சொன்னாராம். அவருடைய பேரன் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்து தோளில் இடிக்க, ஒதுங்காமல் போகச் சொன்னாராம். பழைய காலத்து மனுஷர் என்று பிறகு அவன் சொல்லவில்லை.

எட்டாவது வாரம் ஆசிரியர் மறுபடி சைக்கிள் ஏறினார். அன்று பொள்ளாச்சிச் சாலைக்கு அவனையும் அழைத்திருக்கிறார். அவன் எல்லாருக்கும் கடைசியில் போய் நின்றுகொண்டான். ஆசிரியர் திரும்பிப் பார்த்து, “நீங்க முன்னால போங்க தம்பி. நான் உங்க பின்னால வாறேன்” என்றாராம்.

அவனுடைய முதல் கேள்விக்கு விடை அந்த இடத்தில் கிடைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். நம்மால் விழுந்த ஒருவர் மறுபடி நம் பின் சக்கரத்தை நம்பி வருகிறார் என்றால், அதற்கு மேல் யாரிடம் போய்ச் சான்றிதழ் கேட்பது?

சில மாதங்களுக்குப் பிறகு புதியவர்களுக்கான ஒரு பந்தயத்தில் அவன் கலந்துகொண்டான். பாதித் தூரத்தில் கூட்டம் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டதாம். அவ்வளவு மலை ஏறியவனுக்கு அது எதிர்பாராத அடிதான். மீதித் தூரத்தைத் தனியாக, எதிர்காற்றில் ஓட்டி முடித்தான். மறுநாள் ரேஸ் கோர்ஸ் பாதையில் என்னோடு நடக்க வந்தபோது முகத்தில் கொஞ்சம் வாட்டம் இருந்தது, கொஞ்சம்தான்.

“அடுத்தது எப்போ கண்ணு?” என்று கேட்டேன்.

“தை மாசமுங்க” என்றான். அதற்குள் பின்னால் யாரோ நெருங்கி வருகிற சத்தம் கேட்டது. நாங்கள் இருவருமே சற்று வேகமாக நடக்க ஆரம்பித்தோம்.